மூன்று பட்டியல்களும் ஒரு வாயிலும்

காரைக்கால் என்ற பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது அம்மையாரின் திருவுருவமே. சிவன் கோயில்களின் திருச்சுற்றில் அறுபத்து மூவர் வரிசையைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஏனைய அடியார்கள் நின்றிருக்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். அரசரும் அமைச்சரும் அந்தணரும் நின்றிருக்கும் அவையில் வணிகர் குலத்துப் பெண் ஒருவருக்கு இருக்கை கிடைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவின்போது அந்தப் பெருமையை இவ்வூர் முழுவதும் கூடிக் கொண்டாடுகிறது.

பெருமையைக் கொண்டாடும் நாம், அதனுள் அடங்கிய வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஓர் அவையில் ஒருவருக்கு இருக்கை தருபவர் யார்? எந்த நிபந்தனையின் பேரில் தருகிறார்? தந்த இருக்கைக்கு மற்ற இருக்கைகளுக்குள்ள மதிப்பு உண்டா? நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் காணும் இவ்வேளையில் இவ்வினாக்கள் நமக்கும் உரியவை. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இம்மண்ணில் நடைமுறையிலிருந்த வாக்காளர் பட்டியல்களின் வரலாறே போதிய விடையைத் தருகிறது.

சட்டமும் வழக்கமும்

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பின்னர் ஆங்கிலேயருடன் நடந்த போர்களில் பலமுறை கைமாறி, 1817-இல் நிலையாக அவர்களிடம் திரும்பியது. அதற்கு ஈராண்டுக்குப் பின், 1819 ஜனவரி 6 அன்று பிறந்த ஆணை ஒன்று இந்நிலப்பகுதிகளின் சமூக வாழ்வை நெடுங்காலத்துக்கு வரையறுத்துவிட்டது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கும் நடைமுறைக்கு வரும். ஆயினும் இந்தியர்கள் தத்தம் சாதி, சமயங்களின் சட்டங்களாலும் வழக்கங்களாலும் நீதி வழங்கப்பெறுவர் என்பதே அதன் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருந்தன்மையான ஏற்பாடு. திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் அந்நியச் சட்டத்தைத் திணிக்காமல் மக்களை அவரவர் வழியில் வாழவிட்டது. காரைக்காலின் மரைக்காயர்களும், வேளாண் குடிகளும், கடற்கரை மக்களும் தத்தம் குடும்ப வழக்கங்களைக் காத்துக்கொள்ள அது உதவியது. ஆனால் அதே ஏற்பாடு மறைமுகமாக வேறொன்றையும் செய்தது. சாதி வழக்கத்தை நீதிமன்றம் காக்கும் என்றால், அவ்வழக்கத்தால் தாழ்த்தப்பட்டவன் நீதிமன்றத்தில் எதனைக் காட்டி உயர்வு கேட்பான்? வழக்கத்தைக் காப்பாற்றிய கையே அவனை வழக்கத்துக்குள் கட்டிப்போடவும் செய்தது. பின்னால் எழுந்த பூசல்கள் அனைத்துக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

வந்த உரிமையும் வகுத்த எல்லையும்

1848-இல் பாரிஸில் குடியரசு மலர்ந்தபோது, ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கொள்கை குடியேற்ற நாடுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஓர் உறுப்பினர் இடம் கிடைத்தது. இந்தியர்கள் தம்மைப் பிரெஞ்சுக் குடிகள் என்று மெய்ப்பிக்கும் சான்று காட்ட வேண்டியதில்லை என்றும் விலக்களிக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த இடம் பறிக்கப்பட்டது. மீண்டும் குடியரசு ஏற்பட்ட பின்னர், 1871-இல்தான் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்பி வந்தது.

இதன் அருமையை எல்லைக்கு அப்பாலிருந்த நிலையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். நெடுங்காட்டிலோ திருநள்ளாற்றிலோ இருந்த உழவர் ஒருவர் 1871-இல் பாரிஸ் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். சில கல் தொலைவில், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்தில், பெரும்பண்ணை உடையவருக்கும் அவ்வுரிமை கனவிலும் இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னும் அங்கே சொத்துடையோர்க்கே வாக்குரிமை இருந்தது.

இவ்வளவு திறந்த மனத்துடன் கொடுக்கப்பட்ட உரிமையில் எங்கே குறை நேர்ந்தது? பாரிஸுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லா வாக்கும் ஒரே குடத்தில் விழுந்து ஒரே மதிப்பில் எண்ணப்பட்டன. உள்ளூர் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவ்வாறு நடக்கவில்லை. 1872-இல் உள்ளூர்ச் சபைகளும் 1879-இல் வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்யும் பொதுச் சபையும் ஏற்பட்டன. இவற்றுக்கான வாக்காளர்கள் இரு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். ஐரோப்பியரும் அவர்தம் வழித்தோன்றல்களும் முதற்பட்டியல். இந்தியர் அனைவரும் இரண்டாம் பட்டியல். 1880-இல் கொம்யூன்கள் ஏற்பட்டு, காரைக்கால், திருமலைராயன்பட்டினத்தை உள்ளடக்கிய கிராந்த் ஆல்தே, நெடுங்காடு ஆகிய மூன்றும் நகராட்சி அமைப்புகளைப் பெற்றன.

தொலைவிலுள்ள அவைக்குச் சமத்துவமும் அருகிலுள்ள அவைக்குப் பிரிவினையும் என்ற இம்முரண் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாரிஸ் நாடாளுமன்றத்தில் பல நூறு உறுப்பினர்களுக்கிடையே பிரெஞ்சு இந்தியாவின் ஒரே உறுப்பினரால் எதுவும் பெரிதாக மாறிவிடாது. உள்ளூர்ப் பொதுச் சபையிலோ வரிப்பணம் யாருக்குச் செலவாக வேண்டும் என்பது முடிவாகிறது. அதிகாரம் எங்கே இல்லையோ அங்கே சமத்துவம் தாராளமாகவும், எங்கே இருந்ததோ அங்கே கஞ்சத்தனமாகவும் வழங்கப்பட்டது.

வாயில் என்னும் பெயர் பூண்டவர்

இந்நிலையில்தான் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் பெயர் வரலாற்றில் எழுகிறது. 1870-களில் அவர் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் அவ்வாறு நுழைதல் வழக்கத்துக்கு மாறானது என்று அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் பணியவில்லை. வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்று வெற்றி கண்டார்.

அடுத்து அவரும் அவரைப் போன்றோரும் கேட்டது, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வாழும் உரிமை. 1881 செப்டம்பர் 21 ஆணை அதனை வழங்கியது. விரும்பியவர் அதிகாரியின் முன் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறப்பதாக அறிவிக்க வேண்டும். புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. இவ்வாறு துறந்தோரை ரெனோன்சான் என்றனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை தமக்குத் தேர்ந்துகொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்கு வாயில் என்று பொருள். தமக்குப் பின் வருவோருக்குக் கதவு திறந்துவிட்டது என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே ஒலிக்கிறது.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பலர் அவ்வாயில் வழியே நுழைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களும் கணிசமாக இருந்தனர். அவர்களுக்கு அது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. பெயரைக் கேட்டவுடன் சாதியைக் கணிக்கும் உலகத்திலிருந்து வெளியேறும் வழி. பலர் கடல் கடந்து சைகோன் சென்று அரசுப் பணிகளில் அமர்ந்தனர்.

ஆயின் வாயிலைக் கடந்தவர்கள் உள்ளே இன்னொரு சுவரைக் கண்டனர். பிரெஞ்சுச் சட்டத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டோம், ஆகவே முதற்பட்டியலில் இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது இயல்பே. அதற்கு விடையாக வந்தது 1884 பிப்ரவரி 26 ஆணை. ஐரோப்பியர் முதற்பட்டியல்; துறந்தோர் இரண்டாம் பட்டியல்; துறவாத இந்தியர் மூன்றாம் பட்டியல். பெயரையும் குடும்பச் சட்டத்தையும் கைவிட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது சமத்துவம் அன்று. புதிதாக வகுத்த ஒரு நடுப்படி மட்டுமே. சைகோனில் அதே துறந்தோர் பிரெஞ்சுக் குடிமக்களாக ஐரோப்பியரோடு சேர்ந்து வாக்களித்தனர். கப்பலேறிப் போனால் குடிமகன். சொந்த ஊரில் இரண்டாம் பட்டியல்!

காரைக்கால் அம்மையார் தம் வடிவைத் துறந்ததை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவர் தாமே வேண்டித் துறந்தார். துறந்த பின் இறைவன் வாயால் அம்மையே என்ற அழைப்பைப் பெற்றார். இங்கோ, உள்ளே வர வேண்டுமானால் உன்னை விட்டுவிட்டு வா என்பது நிபந்தனை. விட்டுவிட்டு வந்தவனுக்கும் வாயிற்படியிலேயே பாய் விரிக்கப்பட்டது.

எதிரணியின் நியாயம்

வரலாற்றை எழுதுவோர் ஒருபக்கம் மட்டும் பார்த்தல் தகாது. துறந்தோருக்கு எதிராக மூன்றாம் பட்டியலின் தலைவராக நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். நீண்ட காலம் பிரெஞ்சு இந்திய அரசியல் அவருடைய விரலசைவில் நடந்தது எனலாம். அவரைச் சாதிக் கட்டுப்பாட்டின் காவலர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. அவர் தரப்பில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. வாக்குரிமை பெறுவதற்கு ஒருவன் ஏன் தன் முன்னோர் வழக்கத்தை விட வேண்டும்? இந்துவாகவோ இசுலாமியராகவோ தம் குடும்பச் சட்டத்தோடு இருந்துகொண்டே சம உரிமை பெற முடியாதா?

கேள்வி நியாயமானது. ஆனால் அக்கேள்வியைக் கேட்ட அணி, தன் பட்டியலுக்குள்ளேயே இருந்த தாழ்த்தப்பட்டோர்க்குச் சம இருக்கை தரவில்லை. துறந்தோர் கேட்டதோ சாதியற்ற சமத்துவம். அதற்கு விலையாகத் தனித்தன்மையைக் கொடுக்க அவர்கள் ஒப்பினர். ஓரணி வேற்றுமையோடு மதிக்கப்படும் உரிமையைக் கேட்டது. மற்றோரணி வேற்றுமை பாராமல் மதிக்கப்படும் உரிமையைக் கேட்டது. இரண்டும் ஒருவருக்கே உரிய இரு உரிமைகள் என்பதை உணரவிடாமல், பட்டியல் பிரிவினை அவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டது. ஐரோப்பியர் சிலர் ஒருநாள் இவ்வணியோடும் மறுநாள் அவ்வணியோடும் சேர்ந்து ஆதாயம் கண்டனர்.

1899 செப்டம்பர் 10 அன்று இன்னோர் ஆணை வந்தது. இரண்டாம் பட்டியல் நீக்கப்பட்டது. துறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகி, பிரெஞ்சு மொழி அறிவும் வேறு சில தகுதிகளும் உடைய சிலர் மட்டும் முதற்பட்டியலில் சேரலாம். ஏனைய துறந்தோர், தாம் விட்டு வந்த பெருங்கூட்டத்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டனர். இரு பட்டியல்களுக்கும் பாதிப் பாதி இடம். இந்தப் பாதிப் பாதி என்பதைச் சற்றே எடை போட்டுப் பார்ப்போம். பிரெஞ்சு இந்தியாவின் மக்கள்தொகை அப்போது இரண்டே முக்கால் இலட்சத்தை ஒட்டியது. முதற்பட்டியலில் இருந்தோர் சில நூற்றுவர். சில நூற்றுவருக்குப் பாதி, பல்லாயிரவருக்குப் பாதி. சொல்லளவில் சமம், துலாக்கோலில் மலையும் மடுவும். இவ்வேற்பாடு 1945 வரை நீடித்தது.

எண்ணுகிறவன் கை

வாயிலும் எடையும் மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது என்பதற்கும் இம்மண்ணே சான்று. பிரெஞ்சு இந்தியத் தேர்தல்கள் வன்முறைக்கும் மோசடிக்கும் பேர் பெற்றவை. வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது நகராட்சி; வாக்குச்சாவடியில் தலைமை தாங்குவது மேர் அல்லது அவர் தரப்பினர்; வாக்குகளை எண்ணுவதும் அவர்களே. ஆகவே மேர் பதவியைப் பிடித்த கட்சி அடுத்த தேர்தலையும் கையோடு பிடித்துக்கொண்டது. மாற்றுக் கட்சியினர் பலநேரம் சாவடிப் பக்கமே தலைகாட்ட முடிவதில்லை. இறந்தோர் வந்து வாக்களித்துப் போன அற்புதங்களும் நிகழ்ந்தன.

இதில் உள்ள பாடம் எளியது. தீய எண்ணமுடையோர் எங்கும் உளர். அவர்களை எண்ணி வியப்பதில் பயனில்லை. பட்டியல் எழுதுவதும் எண்ணுவதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே கையில், மூடிய அறையில் நடந்தால், நல்லவரும் நாளடைவில் தடம் புரள்வர். பட்டியலை முன்கூட்டி ஊரறிய ஒட்டுவதும், எதிர்த்தரப்பின் முன்னிலையில் எண்ணுவதும், மறுப்புக்குச் செவி சாய்ப்பதும் சடங்குகள் அல்ல. நேர்மையை மனிதரின் குணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் முறைமையில் நிலைநிறுத்தும் வழிகள் அவை.

எந்தப் பட்டியலிலும் இல்லாதோர்

இதுவரை ஆடவரைப் பற்றியே பேசினோம். ஏனெனில் மூன்று பட்டியல்களில் எதிலும் பெண் இல்லை. பட்டியல்களை இரண்டாக்கவும் மூன்றாக்கவும் நடந்த சண்டைகளில் பெண்ணுக்கும் இடம் வேண்டும் என்பது எவருடைய முழக்கமாகவும் இருக்கவில்லை. அறுபத்து மூவர் அவையில் பெண் அமர்ந்திருக்கும் ஊரில், நகராட்சித் தேர்தலில் பெண்ணுக்கு வாக்கில்லை!

அண்டையில் நடந்தவற்றையும் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிட்டியது. இலங்கையில் 1931-இல் வயது வந்த ஆண், பெண் இருபாலார்க்கும் அது கிட்டியது. ஆண்களுக்கு 1871-இலேயே வாயிலைத் திறந்த காரைக்காலில், பெண்கள் அதற்குப் பின் 74 ஆண்டுகள் காத்திருந்தனர். 1945 ஆகஸ்டு 23 ஆணைதான் இரு பட்டியல் முறையை ஒழித்து, இருபாலாரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டில் அமைந்த 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபையில் காரைக்காலுக்கு 12 இடங்கள் கிடைத்தன. இன்று ஒரு மூதாட்டி கைத்தடியூன்றி வாக்குச்சாவடிக்கு வருவதைக் காணும்போது, அது ஏதோ இயற்கையாக அமைந்தது என்று தோன்றலாம். அவருடைய பாட்டியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

ஒருமுறை திறந்த வாயில் என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 1931-இல் எல்லோர்க்கும் முன்மாதிரியாக விளங்கிய அதே இலங்கையில், 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் சேர்ந்து, மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர்களைப் பட்டியலிலிருந்து அகற்றின. வாக்களித்தவரே வாக்கற்றவர் ஆயினர்.

நம் பகுதியிலும் படிப்பினை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அன்று வாக்களித்தோரில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தனர். உள்ளாட்சி உறுப்பினர் ஒருவரின் வாக்கு நாட்டின் தலையெழுத்தையே முடிவு செய்த மண் இது. அந்த மண்ணில் 1968-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 2006-இல்தான் நடந்தது. இடையில் 38 ஆண்டுகள். எவரையும் பட்டியலிலிருந்து நீக்காமலேயே அனைவரையும் வெளியே நிறுத்த முடியும் என்பதை இது காட்டியது. தேர்தலையே நடத்தாமல் விட்டால் போதும்.

நமக்கு உரிய கணக்கு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உரைகற்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஓர் அவை நேர்மையானதா என்று அறிய வேண்டுமானால், உள்ளே வருவதற்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே வந்தவர் சொல்லுக்கு என்ன எடை தரப்படுகிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். முடிவுகள் எவர் கண்முன் எண்ணப்படுகின்றன என்று இறுதியாகப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். பிரெஞ்சு ஆட்சி வாயிலை ஓரளவு திறந்தது, எடையில் குறைத்தது, கணக்கை மூடிவைத்தது.

நம் வட்டத்தையும் இதே கற்களில் உரசிப் பார்ப்பதே பத்தாம் ஆண்டு நிறைவுக்கு உகந்த செயல் என்று கருதுகிறேன். இக்கட்டுரைக்காகப் பழைய அழைப்பிதழ்களை ஒருநாள் மாலை அடுக்கிவைத்துப் பார்த்தேன். எல்லோரும் வரலாம் என்று ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருக்கிறோம். அதில் பொய்யில்லை, நம் வாயிலில் எவரையும் தடுத்ததில்லை. ஆனால் தலைமை ஏற்றோர், சிறப்புரை ஆற்றியோர் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் என் பெயரும் ஒன்று. பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இறைவணக்கத்திலும் நன்றியுரையிலும் நின்றுவிடுகின்றன. கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் போனவர்களை நான் அறிவேன். மேடைத் தமிழ் வராதவர் நம் அவையில் பேசத் தயங்குகிறார் என்றால், உன் மொழியை விட்டுவிட்டு வா என்று நாமும் வாய்திறவாமல் சொல்லியிருக்கிறோம் என்பதே பொருள்.

திருத்துவது கடினமன்று. தலைமை முறைவைத்துச் சுழலட்டும். படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆண்டுதோறும் புதியவர் சேரட்டும். ஏற்காத படைப்புக்குக் காரணம் எழுதியனுப்பப்படட்டும். வரவு செலவும் தீர்மானங்களும் ஆண்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படட்டும். மறுத்துப் பேசுவோரின் பெயரும் குறிப்பேட்டில் இடம்பெறட்டும். கடைசி வரிசையில் இருப்பவர் தம் வீட்டுத் தமிழில் பேசும்போது அவையோர் அமைதியாகக் கேட்கட்டும்.

பொன்னுத்தம்பிப் பிள்ளை தம் பெயரையே வாயில் என்று மாற்றிக்கொண்டார். பெயரை மாற்றாமலே நுழையத்தக்க வாயிலை அவருக்குக் காட்ட அன்றைய அவைக்கு மனம் வரவில்லை. நம் அவைக்கு அந்த மனம் வரட்டும். இருபதாம் ஆண்டு மலரை விரிப்பவர் அதன் பொருளடக்கத்தில் இன்று நாம் அறியாத பெயர்களைக் காண்பாராக.